படுத்திருக்கும் கோடு பத்திரமான கோடு அல்ல

சென்னையின் ராயபுரம், மணலி நிலையங்களில் பதிவாகும் காற்று மாசு அளவுகள் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் கிடைக்கின்றன. நலச்சங்கத்துக்காரர்களும் கல்லூரி மாணவர்களும் அவற்றை இறக்கி, எக்செல்லில் எல்லா நெடுவரிசைகளையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து, ஒரே சொடுக்கில் 'லைன் சார்ட்' போட்டுவிடுகிறார்கள். நுண்துகள் கோடு மேலே துள்ளுகிறது. கார்பன் மோனாக்சைடு தரையோடு தரையாகக் கிடக்கிறது. தவறான நம்பிக்கைகள் தொடங்குவது அந்த இடத்தில்தான்.

நம்பிக்கை 1: கீழே கிடக்கும் கோடு என்றால் அந்த மாசு குறைவு.

உண்மை: அது அலகு செய்யும் வேலை. பி.எம். 2.5, பி.எம். 10 என்னும் நுண்துகள்கள், அமோனியா ஆகியவற்றை ஒரு கன மீட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று எழுதுகிறார்கள். கார்பன் மோனாக்சைடை மட்டும் மில்லிகிராமில் எழுதுகிறார்கள். பி.எம். 2.5-க்கு 24 மணி நேர வரம்பு 60. கார்பன் மோனாக்சைடுக்கு 8 மணி நேர வரம்பு வெறும் 2. அளவு 1.8 என்று வந்தால் வரம்பில் 90 சதவீதம் நிரம்பிவிட்டது என்று பொருள். ஆனால் 120 வரை போகும் அச்சில் அது கண்ணுக்கே தெரியாது. அதையே மைக்ரோகிராமாக மாற்றினால் 1800 ஆகிவிடும். இப்போது நுண்துகள் தரையில் படுக்கும். காற்று அப்படியேதான் இருக்கிறது.

நம்பிக்கை 2: செகண்டரி ஆக்சிஸ் போட்டால் பிரச்சினை தீர்ந்தது.

உண்மை: கோட்டின் மேல் ரைட் கிளிக் செய்து, 'ஃபார்மேட் டேட்டா சீரீஸ்' போய், 'செகண்டரி ஆக்சிஸ்' கொடுத்தால் படுத்த கோடு எழுந்துவிடும். எவ்வளவு உயரத்துக்கு எழுகிறது என்பதைத் தீர்மானிப்பது எக்செல். வலது அச்சின் உச்சத்தை 2-லிருந்து 4 ஆக்குங்கள்: கோட்டின் உயரம் பாதியாகும், இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடம் வேறு தேதிக்கு நகரும். ஆகவே "அன்றைக்கு இது அதை முந்தியது" என்று அந்த வெட்டுப்புள்ளியை வைத்துப் பேசுவதில் அர்த்தமே இல்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு நெடுவரிசையின் உச்சத்துக்கும் அடிக்கும் உள்ள வித்தியாசம் உச்சத்தில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தால், எக்செல் தானாகவே அச்சைப் பூஜ்யத்துக்கு மேலிருந்து தொடங்கும். சின்னச் சலசலப்பு பேரலையாகத் தெரியும்.

இரட்டை அச்சு வேண்டும் என்றால் இரண்டின் அளவையும் கையால் பூட்டுங்கள். இடது அச்சு 0 முதல் 120, வலது அச்சு 0 முதல் 4. அப்போது இரண்டு வரம்புகளும் ஒரே உயரத்தில் நிற்கும், ஒப்பீட்டுக்கும் ஒரு நியாயம் கிடைக்கும். மூன்றாவது அளவுகோலுக்கு அங்கே இடமில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

நம்பிக்கை 3: லாக் ஸ்கேல் எல்லாவற்றையும் அடக்கிவிடும்.

உண்மை: லாக் அச்சில் ஒவ்வொரு படியும் முந்தையதைப் போலப் பத்து மடங்கு. 2020 ஜூன் தொடக்கத்தில் சென்னையின் மண்டலவாரி கொரோனா பட்டியலில் ராயபுரம் முதலிடத்தில் இருந்தது. தொற்று மடங்கு மடங்காகப் பெருகும் வேகத்தைப் பார்க்க அப்போது லாக் சார்ட் உதவியது. ஆனால் பூஜ்யத்துக்கு அந்த அச்சில் இடமே கிடையாது, எக்செல்லும் எச்சரிக்கும். நுண்துகளுக்கு வந்தால், 45-லிருந்து 90-க்கு ஏறுவது வரம்பைத் தாண்டும் ஏற்றம். லாக் அச்சில் அது ஒரு படியில் மூன்றில் ஒரு பங்குகூட வராது.

நம்பிக்கை 4: பெரிய எண்தான் பெரிய ஆபத்து.

உண்மை: 2023 டிசம்பர் 26 நள்ளிரவையொட்டி எண்ணூர் பெரியகுப்பத்தில், கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. மக்கள் மூச்சுத் திணறி வீடுகளை விட்டு ஓடினார்கள். ஆலை அருகே காற்றில் கன மீட்டருக்கு 2090 மைக்ரோகிராம், கடல்நீரில் லிட்டருக்கு 49 மில்லிகிராம் என்று தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அறிவித்தது. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் பார் சார்ட்டாகப் போட்டால், காற்று வானளாவி நிற்க, கடல் ஒன்றுமே இல்லாதது போலக் கிடக்கும்.

இப்போது வரம்பால் வகுத்துப் பாருங்கள். காற்றுக்கு 400: ஐந்து மடங்குக்குச் சற்று மேல். கடல்நீருக்கு 5: ஏறக்குறைய பத்து மடங்கு. குட்டையான பார்தான் வரம்பை அதிகமாக மீறியிருக்கிறது. அதிலும் 400 என்பது 24 மணி நேரச் சராசரிக்கான வரம்பு. 2090 அந்த நேரத்து அளவு. நாள் சராசரியை மட்டும் சார்ட்டில் போட்டால் இப்படி ஓர் இரவின் உச்சம் கரைந்துபோகும். மணிவாரி அளவுகளையும் பார்க்க வேண்டும்.

நம்பிக்கை 5: ஏ.க்யூ.ஐ. (காற்றுத் தரக் குறியீடு) என்பது எல்லா மாசுகளின் சராசரி.

உண்மை: சராசரி இல்லை. 2014-இல் அறிவிக்கப்பட்ட இந்தியக் குறியீடு, ஒவ்வொரு மாசையும் தனித்தனி எண்ணாக மாற்றி, அவற்றில் மோசமானதை எடுத்துக்கொள்கிறது. 100 வரை அந்த எண்ணும் வரம்பில் சதவீதமும் ஏறக்குறைய ஒன்றே. அதற்கு மேல் படிகள் செங்குத்தாகின்றன: பி.எம். 2.5 அளவு 90 ஆனால் சதவீதம் 150, குறியீட்டில் 200.

உங்கள் ஷீட்டிலும் இதே வழிதான். ஒவ்வொரு நெடுவரிசைக்கும் பக்கத்தில் ஒரு நெடுவரிசை சேர்த்து, அளவை அதனதன் வரம்பால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். பி.எம். 2.5 அளவு 45, அமோனியா 40 என்றால் பழைய சார்ட்டில் இரண்டும் ஒட்டி நிற்கும். புதியதில் ஒன்று 75, மற்றது 10. நூறில் ஒரு சிவப்புக் கோடு இழுத்து, அச்சுக்கு 'வரம்பில் சதவீதம்' என்று பெயர் எழுதுங்கள். மூல அளவுகளை ஒன்றன்கீழ் ஒன்றாகத் தனித்தனிச் சிறு சார்ட்டுகளில், ஒரே தேதி வரிசையில் வையுங்கள். மனுவோடு இணைத்து அதிகாரி முன்னால் வைக்கும்போது, அவரிடமிருந்து வரும் முதல் கேள்வி "எந்த அலகு?" என்பதுதான். பதில் சார்ட்டிலேயே இருக்கட்டும்.