ஐரோப்பியச் சுற்றுலா: பணமும் பெட்டியும் இனாமும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

மாணவ நண்பர்களே! பெரம்பலூர்ப் பேருந்து நிலையத்தையும் அரியலூர் ரயில் நிலையத்தையும் தாண்டி அதிகம் போயறியாதவன் நான். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆளும் நானே. என் தந்தையார் சுமை தூக்கும் தொழிலாளி. வெங்காய அறுவடைக் காலத்தில் பெரம்பலூர்ப் பக்கம் சின்ன வெங்காய மூட்டை. மற்ற நாட்களில் அரியலூர்ப் பக்கம் சிமென்ட் மூட்டை. இப்படிப்பட்டவனுக்கு ஐரோப்பாவைப் பற்றி எழுத என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம்.

எனக்குப் பள்ளியில் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரும் அவருடைய துணைவியாரும் சென்ற ஆண்டு பன்னிரண்டு நாள் குழுச் சுற்றுலாவாக ஐரோப்பா சென்று வந்தார்கள். புறப்படுமுன் ஆசிரியர் ஒரு நோட்டை என்னிடம் தந்து, "கணக்கெல்லாம் நீயே போட்டுக் கொடு, தம்பி" என்றார். அந்த நோட்டில் நான் எழுதியவையும், திரும்பி வந்து அவர் திருத்தியவையும் சேர்ந்ததே இக்கட்டுரை. இன்று நமக்குப் பயன்படாவிட்டாலும், நாளை நம்மில் சிலருக்காவது பயன்படும் என்பதில் ஐயமில்லை.

பணம்

ஒரு காலத்தில் வெளிநாடு செல்லும் சாதாரண இந்தியப் பயணி கையில் 8 டாலர் மட்டுமே கொண்டு போகலாம் என்ற கட்டுப்பாடு இருந்தது. 1973-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் போய், 1999-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் வந்தபின் நிலைமை மாறியது. இப்போது ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்பு வரை நோட்டாகக் கொண்டு போகலாம். மீதியைப் பயண அட்டையில் ஏற்றிக் கொள்ளலாம். இந்திய ரூபாயாக 25,000 வரை வைத்துக் கொள்ளலாம். திரும்பி வந்து ஊர் சேர அது வேண்டும்.

யூரோ நோட்டுகள் புழக்கத்துக்கு வந்தது 2002 ஜனவரி முதல் நாள். 2026-இல் பல்கேரியாவும் சேர்ந்தபின் 21 நாடுகள் அதைப் பயன்படுத்துகின்றன. ஆனால் ஐரோப்பா முழுவதும் யூரோ செல்லும் என்று எண்ணிவிடக் கூடாது. இங்கிலாந்தில் பவுண்டு, சுவிட்சர்லாந்தில் பிராங்க், செக், அங்கேரி, போலந்து நாடுகளில் அவரவர் நாணயம். லண்டன், பாரிஸ், லூசர்ன், ரோம் என்று போகும் பயணத்தில் மூன்று நாணயங்கள் வந்துவிடுகின்றன.

ஒவ்வொரு முறை பணம் மாற்றும்போதும் ஒரு சிறு பகுதி கரைகிறது. கணக்குக்காக, நாம் வாங்கும்போது ஒரு யூரோ 100 ரூபாய், திருப்பிக் கொடுக்கும்போது 94 ரூபாய் என்று கொள்வோம். 50,000 ரூபாய்க்கு 500 யூரோ கிடைக்கும். அதில் 200 யூரோ செலவாகாமல் திரும்பினால் 18,800 ரூபாய்தான் கைக்கு வரும். நட்டம் 1,200 ரூபாய். ஆகவே தேவையைக் கணக்கிட்டு, ஊரிலேயே இரண்டு மூன்று இடங்களில் விலை கேட்டு மாற்ற வேண்டும். எங்கள் ஆசிரியர் இங்கே தவறிவிட்டார். கடைசி நேரத்தில் விமான நிலையத்தில் மாற்றி, நல்ல விலையை இழந்தார்.

இன்னொரு நுட்பம் உண்டு. அங்கே கடையில் அட்டையை நீட்டினால், "யூரோவில் எடுக்கவா, ரூபாயில் எடுக்கவா?" என்று கருவி கேட்கும். ரூபாய் என்றதும் நமக்குச் சொந்தக்காரரைக் கண்டதுபோல் இருக்கும். அங்கேதான் ஏமாறுகிறோம். ரூபாய் என்று அழுத்தினால் அந்தக் கருவிக்காரர் தம் விருப்பப்படி விலை வைத்து மாற்றுகிறார். 40 யூரோ பொருளுக்கு அவர் ஐந்து விழுக்காடு கூட்டினால் 4,000 ரூபாய் 4,200 ஆகும். எப்போதும் அந்த நாட்டு நாணயத்தையே அழுத்த வேண்டும்.

சில்லறைக் காசையும் மறக்கக் கூடாது. நெடுஞ்சாலைக் கழிப்பறைகள் பலவற்றில் காசு போட்டால்தான் கதவு திறக்கும். ஆனால் ஊர் திரும்பியபின் நாணய மாற்றுக் கடைகளில் நோட்டை வாங்குவார்களே தவிர, காசை வாங்க மாட்டார்கள். கடைசி நாள் காப்பிக்குக் காசையே முதலில் செலவிட வேண்டும். ஆசிரியர் வீட்டு டப்பாவில் இன்னும் பதினோரு யூரோக் காசு கிடக்கிறது.

பணத்தை எங்கே வைப்பது? என் பாட்டி சந்தைக்குப் போனால் நோட்டைச் சுருக்குப் பையில் போட்டு இடுப்பில் செருகுவார். சில்லறையை முந்தானையில் முடிவார். பாரிஸிலும் ரோமிலும் கூட்ட நெரிசலில் பணப்பை பறிபோவது அதிகம் என்பதால், சுற்றுலாக்காரர்கள் சட்டைக்குள் தொங்கவிடும் பை தருகிறார்கள். பாட்டியின் முறைதான் அது. கடவுச்சீட்டும் பெருந்தொகையும் உள்ளே. அன்றைய செலவு வெளியே. கடவுச்சீட்டின் நகல் ஒன்று வேறு பையில் இருக்க வேண்டும்.

பெட்டி

ஆசிரியர் பெட்டியை எடைபோட வெங்காய மண்டித் தராசுக்கு நாங்கள் கொண்டு போனோம். அவர் தலைக்கு 23 கிலோ அனுமதி; பெட்டியோ 29 கிலோ இருந்தது. என் தந்தையார் அதை ஒரு கையால் தூக்கிப் பார்த்து, "ஐயா, கனத்தை மேலே வச்சிருக்கீங்க. சக்கரம் இருக்கிற பக்கம் வையுங்க" என்றார். எட்டாம் வகுப்பைத் தாண்டாத அவர் சொன்னது இயற்பியல்தான். சாய்த்து இழுக்கும் பெட்டியில் சக்கர அச்சு தாங்குபுள்ளி. கனம் அதற்கு அருகில் இருந்தால் கையில் விழும் சுமை குறையும். கைப்பிடிப் பக்கம் இருந்தால் கூடும்.

குழுச் சுற்றுலாவில் பெட்டியை நாமே இழுக்க வேண்டும். நாமே பேருந்தருகே கொண்டு வர வேண்டும். பழைய நகரங்களின் கல் பாவிய தெருக்களில் சக்கரம் உருளாது. "வீட்டு மாடிப்படியில் இரண்டு தடவை தூக்கி ஏறிப் பாருங்கள், முடியாவிட்டால் பெட்டியைக் குறையுங்கள்" என்று நோட்டில் எழுதினேன். நெய்ப் பலகாரமும் பால்கோவாவும் வெளியே வந்தன. இறைச்சியும் பால் பொருள்களும் பிற நாடுகளிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டு போகத் தடை உண்டு. ஊறுகாய் பெரிய பெட்டிக்குள் போயிற்று. 2006 முதல் கைப்பையில் திரவமும் குழம்புப் பதமானவையும் ஒரு கலத்துக்கு 100 மில்லி லிட்டருக்கு மேல் கூடாது என்ற விதி பரவியது. கைப்பேசிக்கு மின்னேற்றும் பவர் பேங்க் மட்டும் கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

எவ்வளவு கட்டணம் கட்டினாலும் ஒரு தனிப் பெட்டி 32 கிலோவைத் தாண்டக் கூடாது என்று பெரும்பாலான விமான நிறுவனங்கள் வைத்துள்ளன. அதைத் தூக்கும் தொழிலாளியின் முதுகு கெடக் கூடாது என்பதே காரணம். இதை நான் படித்துச் சொன்னபோது என் தந்தையார், "அதுக்கு மேலே அங்கே தூக்க வேண்டாமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். சிமென்ட் மூட்டை 50 கிலோ. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-இல் தந்த பரிந்துரையில், வயது வந்த ஆண் ஒருவர் தூக்கும் சுமை 55 கிலோவுக்கு மேல் இருக்குமானால் அதைக் குறைக்க வழி காண வேண்டும் என்று உள்ளது. அந்த அளவுக்கு என் தந்தையாரின் மூட்டை ஐந்து கிலோதான் குறைவு. அவர் கேள்விக்கு நான் விடை சொல்லவில்லை.

இனாம்

மூன்றாவது சிக்கல் இனாம், அதாவது டிப்ஸ். பல சுற்றுலாக்களில் ஓட்டுநருக்கும் வழிகாட்டிக்கும் தலைக்கு, நாளுக்கு இவ்வளவு என்று கட்டணத்தோடு முன்பே வாங்கி விடுகிறார்கள். எனவே சேரும்போதே கேட்டுத் தெளிய வேண்டும். இல்லையேல் இரு முறை கொடுக்க நேரும். உணவகங்களில் நாட்டுக்கு நாடு வழக்கம் வேறு. பிரான்சில் பரிமாறுவதற்கான கட்டணம் விலையிலேயே அடங்கும். மனமிருந்தால் சில காசு வைக்கலாம். இத்தாலியில் பல இடங்களில் அமர்ந்ததற்கென்றே தலைக்கு ஒரு சிறு தொகை சீட்டில் இருக்கும். அது இனாம் அன்று. ஜெர்மனியில் மேசையில் விட்டு வருவதைவிட, பணம் செலுத்தும்போதே தொகையைக் கூட்டிச் சொல்வதே வழக்கம். இங்கிலாந்தில் 2024 அக்டோபர் முதல் நாளிலிருந்து, வாடிக்கையாளர் தரும் இனாம் முழுவதையும் முதலாளி பிடித்தம் செய்யாமல் தொழிலாளிக்கே தர வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது.

ஆசிரியருக்கு இதில் மனம் ஒப்பவில்லை. "சம்பளம் வாங்குகிறவருக்கு மேற்கொண்டு எதற்கு?" என்றார். என் தந்தையார் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "கூலி உடம்புக்குங்க ஐயா. மேலே கொடுக்கிறது மனசுக்கு. கொடுக்காட்டியும் குத்தமில்லே. ஆனா ஒரு தடவை ஒருத்தர் லாரியிலிருந்து காசைத் தரையிலே போட்டார். நான் எடுக்கலீங்க."

ஆசிரியர் ஒன்றும் பேசவில்லை.

திரும்பி வந்தபின் அவர் சொன்னது இது. அங்கே பேருந்து ஓட்டுநர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுத்தே தீர வேண்டும், சட்டம் அப்படி. குழுவில் சிலர் நேரம் வீணாகிறது என்று முணுமுணுத்தார்கள். ஆசிரியர் மட்டும் கீழே இறங்கி அவரோடு நின்று காப்பி குடித்தாராம். கடைசி நாள், பெட்டிகளை இறக்கித் தந்த அந்த மனிதரிடம் ஓர் உறையை இரு கைகளாலும் கொடுத்துக் கும்பிட்டாராம். அவரும் பதிலுக்குக் கும்பிட முயன்றாராம்.

ஊருக்கு வந்த மறுநாள் ஆசிரியர் எங்கள் வீட்டுக்கு வந்தார். என் தந்தையாருக்குத் தோளில் போட ஒரு தடித்த துண்டு வாங்கி வந்திருந்தார். அதையும் இரு கைகளாலேயே கொடுத்தார். என் தந்தையார் எழுந்து நின்று வாங்கிக் கொண்டார்.

நண்பர்களே, நாளை நாமும் பெட்டி கட்டும் காலம் வரலாம். மூன்று காரியங்களை நினைவில் கொள்வோம். பணத்தை மாற்றுமுன் கணக்குப் போடுவோம். நம்மால் தூக்க முடிந்ததை மட்டும் கட்டுவோம். கொடுப்பதைக் கையில் கொடுப்போம்.