கிளினிக்கில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு

கைலாசபுரத்திலும் திருவெறும்பூர், துவாக்குடிப் பக்கத்துச் சிறு கிளினிக்குகளிலும் வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு, ஊசி போட்டும் புண் துடைத்தும் வயதான ஒரு நர்ஸ் எழுதுவது.

1. திறந்த சலைன் பாட்டிலை மிச்சம் வைக்காதீர்கள். 2023-ல் வாணியம்பாடியில் நடந்ததை மறக்கக் கூடாது. ஒரே பல் கிளினிக்குக்குப் போய்வந்த 10 பேரின் மூளையை மெலியோய்டோசிஸ் என்ற கிருமித் தொற்று தாக்கியது. 8 பேர் இறந்தார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களும் மற்றவர்களும் ஆராய்ந்து காரணத்தைச் சொன்னார்கள். சுத்திகரிக்காத கருவியால் பாட்டிலைத் திறந்து, வாயைப் பஞ்சால் லேசாக அடைத்து, தீரும்வரை அதையே அடுத்தடுத்தவர்களுக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். பல்வலிக்குப் போனவர்கள், பாவம். மீதியைக் கொட்டிவிடுங்கள். முதலாளி முகம் சுளித்தாலும் கொட்டுங்கள்.

2. கருவிகளை வெந்நீரில் கொதிக்கவைத்தால் போதாது. ஆட்டோகிளேவில் 121 டிகிரி சூடு, 15 பவுண்டு அழுத்தம் வேண்டும். உள்ளே இருக்கும் காற்று முழுக்க வெளியேறிய பிறகே வால்வை மூடுங்கள். காற்று தங்கிவிட்டால் கேஜ் 15 காட்டும், சூடு மட்டும் ஏறியிருக்காது. பெல் (பி.எச்.இ.எல்.) ஆலையில் பாய்லர் செய்கிறவர்கள் வாழும் ஊர் இது. கேஜை மட்டும் நம்பக் கூடாது என்று அவர்களுக்குத் தெரியும், நமக்கும் தெரிய வேண்டும். பொட்டலத்து டேப்பில் கோடு கறுத்தால் அது சூட்டைக் கண்டிருக்கிறது, அவ்வளவுதான். கிருமி செத்ததற்கு அது சாட்சி ஆகாது.

3. போட்ட ஊசிக்குத் திரும்ப மூடி போடாதீர்கள். நேரே வெள்ளை டப்பாவில் போடுங்கள். கையில் குத்திவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, அந்த நிமிடமே டாக்டரிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரத்துக்குள் தொடங்கியே ஆக வேண்டும். திட்டுவார்களே என்று மறைக்காதீர்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டாயிற்றா?

4. தடுப்பூசி ஃப்ரிட்ஜ் 2 முதல் 8 டிகிரிக்குள். அதில் சாப்பாட்டு டப்பா வேண்டாம்.

5. "நீங்கதானே அடுத்தது?" என்று கேட்டால் காது மந்தமான பெரியவர் தலையாட்டிவிடுவார். "உங்க பேர் என்னங்கய்யா?" என்று கேட்டு, அவர் வாயால் வந்த பெயரைச் சீட்டோடு ஒத்துப் பாருங்கள். எந்த மருந்தாவது முன்பு ஒத்துக்கொள்ளாமல் போனதா என்பதையும் அப்போதே கேளுங்கள்.

6. கிளினிக் கழிவைப் பிரித்துப் போட மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம். 2016 மருத்துவக் கழிவு விதிகள் சொல்லும் இந்த நான்கு நிறத்தையும் கலக்காதீர்கள். தெருக் குப்பையில் போன ஊசி துப்புரவுத் தொழிலாளியின் கையில்தான் ஏறும்.

7. டாக்டர் ஒரு நோயாளியைத் தொட்ட கையோடு அடுத்தவரிடம் திரும்பினால், "சார், கை" என்று மெதுவாகச் சொல்லுங்கள். டாக்டர்களே, அப்படிச் சொல்லும் பிள்ளையைக் கடிந்துகொள்ளாதீர்கள். எழுந்துபோய்க் கை கழுவிவிட்டு வாருங்கள்.