கலமும் மின்கலமும்

தமிழிலே 'கலம்' என்பது பலபொருள் ஒருசொல். உணவு வைக்கும் ஏனமும் கலம்; அணியும் நகையும் கலம்; நெல்லை அளக்கும் அளவும் கலம்; கடலைக் கடக்கும் தோணியும் கலம். மின்னாற்றலைத் தன்னகத்தே அடக்கி வைக்கும் பொருளுக்கும் நம்மவர் மின்கலம் என்றே பெயரிட்டனர். கடலிற் செல்லும் சிறுகலத்திலே மின்கலத்தின் பணி யாது என்பதை இக்கட்டுரையில் ஆராயப் புகுந்தோம். தமிழ் கற்பிப்பவர்க்கு இதிலே என்ன வேலை என்று பழைய மாணவர் சிலர் புன்முறுவல் செய்தல் கூடும். ஒரு மாணவனின் வினாவே எம்மை இத்துறைக்கு இழுத்து வந்தது.

சில ஆண்டுகளின் முன் தரம் பத்தில் எம்மிடம் பயின்ற அம்மாணவன் மீன்பிடிக் குடும்பத்தினன். ஒருநாள் அவன் வகுப்பிற்கு வரவில்லை. மறுநாள் வந்து காரணம் கூறினான். இரவில் வலை விடச் சென்ற அவன் தந்தையாரின் படகு இயந்திரம் நடுக்கடலில் நின்றுவிட்டது. கையிலே தொலைபேசி இருந்தது. ஆனால், வலை இழுக்கும்போது விளக்காகவும், காத்திருந்த பொழுதிற் பாட்டுப்பெட்டியாகவும் உதவிய அக்கருவி, துணைக்கு ஒருவரை அழைக்க வேண்டிய வேளையிலே உயிரற்றுக் கிடந்தது. உடன் கொண்டுசென்ற பவர் பாங்கும் தீர்ந்துவிட்டது. விடியும்வரை படகு நீரோட்டத்தின் வழியே சென்றது. காலையில் அயலூர்ப் படகொன்று கண்டு கட்டியிழுத்து வந்தது.

இவற்றைச் சொல்லி முடித்தபின் அவன் கேட்டான்: "ஐயா, பவர் பாங்கில் 10000 என்று எழுதியிருக்கிறது. அப்பாவின் போனுக்கு 5000. இரண்டு முறை ஏறவேண்டும் அல்லவா? ஒன்றரை முறைதானே ஏறுகிறது. மிச்சம் எங்கே போனது?"

எமக்கு விடை தெரியவில்லை. தெரியாது என்று அவனிடம் கூறிவிட்டு, பௌதிகவியல் கற்பிக்கும் நண்பரிடம் சென்று நாமும் மாணவராய் அமர்ந்தோம். அன்று கற்றதும் பின்னர் படித்தறிந்ததுமே இங்கு கூறப்படுவன.

10000 என்பது மில்லியம்பியர் மணிக் கணக்கு. அது மின்னின் அளவை மட்டுமே சொல்லும்; அம்மின் எவ்வளவு அழுத்தத்தில் நிற்கின்றது என்பதைச் சொல்லாது. பவர் பாங்கின் உள்ளே இருக்கும் இலிதியம் அயன் கலத்தின் அழுத்தம் ஏறத்தாழ 3.7 உவோற்று. வெளியே கொடுக்க வேண்டியதோ பெரும்பாலும் 5 உவோற்று. தாழ்ந்த தொட்டியில் நிற்கும் நீரை உயர்ந்த தொட்டிக்கு ஏற்றுவதற்கு, அந்நீரின் ஆற்றலையே செலவிடுவதாகக் கொள்க. மேலே சேரும் நீர் குறைந்தே இருக்கும். 10000ஐ 3.7ஆற் பெருக்கி ஆயிரத்தாற் பிரிக்க 37 வாற்று மணி வரும். இதுவே உண்மையான இருப்பு. இதனை 5 உவோற்றிற்கு மாற்றினால் 7400 மில்லியம்பியர் மணியே ஆகும். மாற்றும்போது வெப்பமாய்ப் போவது ஒருபங்கு. தொலைபேசியினுள் மீண்டும் மாறும்போது போவது மற்றொருபங்கு. 5000 எனக் குறித்த தொலைபேசிக் கலம் கொள்வது ஏறத்தாழ 19 வாற்று மணி. ஆகவே ஒன்றரை முறை என்ற மாணவனின் கணக்கு சரியே. மிச்சம் களவு போகவில்லை, வழியிற் செலவாயிற்று.

இருப்பை அறிந்தபின் செலவை அறிதல் வேண்டும். தொலைபேசியில் ஆற்றலை மிகுதியும் உண்பன திரையும் விளக்கும் ஆகும். கரையை விட்டு அகன்றபின் மூன்றாவது ஒன்றும் சேர்ந்துகொள்ளும். கோபுரத்தின் அலை மெலிய மெலிய, தொலைபேசி அதனைத் தேடித்தேடித் தன் வலிமையைக் கூட்டிச் செலவிடும். எவரோடும் பேசாமல் மடியில் வைத்திருந்தாலும் கலம் விரைவில் வற்றுவது இதனாலேயே. அலை எட்டாத தொலைவில் விமானநிலைக்கு மாற்றிவைத்தல் நன்று.

அப்படி மாற்றினால் இடம் அறிய முடியாதே என்று அஞ்சுவோர் உளர். ஜி.பி.எஸ். முறையில், ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்திற் சுற்றும் செய்மதிகள் பேசுகின்றன. நமது கருவி கேட்கின்றது. ஆதலின் கோபுரம் இல்லாவிடினும், வரைபடத்தை முன்னரே சேமித்து வைத்திருந்தால், பெரும்பாலான தொலைபேசிகள் இடத்தைக் காட்டும். கரையிலேயே இதனைச் சோதித்துப் பார்த்துச் செல்க. எமது வடகடலில் இது சிறிய விடயமன்று. 1974, 1976ஆம் ஆண்டுகளில் இலங்கையும் இந்தியாவும் செய்த உடன்படிக்கைகள் கடலெல்லையை வகுத்தன. பாக்குநீரிணையில் அவ்வெல்லைக்கு வேலியுமில்லை, கதியாலுமில்லை. கருவி அணைந்த படகு எந்நாட்டு நீரில் மிதக்கின்றது என்பதை இரவில் எவர் அறிவார்?

வி.எச்.எப். கைவானொலி வைத்திருப்போர்க்கும் ஒரு விதி உண்டு. கேட்பதற்கு ஆகும் செலவு சிறிது. பேசுவதற்கு ஆகும் செலவு பெரிது. அருகிலுள்ள படகோடு பேச 1 வாற்று வலிமை போதும். 5 வாற்றைத் தொலைவிற்கும் ஆபத்திற்கும் வைத்துக்கொள்க. ஆபத்துக்கால அழைப்புக்கு உலகெங்கும் உரியது 16ஆம் அலைவரிசை.

இலிதியம் அயன் கலம் 1991இற் சந்தைக்கு வந்தது. அதனை ஆக்கித் தந்தமைக்காக ஜோன் குடினஃப், ஸ்ரான்லி விற்றிங்ஹாம், அகிரா யோசினோ ஆகிய மூவர்க்கும் 2019இல் இரசாயனவியலுக்கான நோபெல் பரிசு கிடைத்தது. சிறந்த இக்கலத்திற்கும் பகைகள் உள. வெயிலிற் காயும் படகுத்தட்டில் அதனை வைத்தலும், சூடேறிய நிலையில் மின்னேற்றுதலும் அதன் வாழ்நாளைக் குறைக்கும். வீங்கிய கலத்தை உடனே விலக்குக. உப்புநீர் மின்னைக் கடத்தும். ஈரம் முற்றாக உலருமுன் மின்னேற்றும் வடத்தைச் செருகினால் உலோக முனைகள் அரித்துப்போம். கடையில் வாங்கும் 1.5 உவோற்று அல்கலைன் கலங்களைப் பயன்படுத்தும் கருவிகளில், பழையதையும் புதியதையும் கலந்து இடலாகாது. கருவியை நெடுநாள் பயன்படுத்தாதபோது அவற்றைக் கழற்றி வைத்தல் வேண்டும்.

இவையனைத்தினும் மேலானது ஒன்றுண்டு. பெருங்கப்பல்களின் உயிர்காப்புப் படகுகளுக்கென வைக்கப்படும் கைவானொலிக்குச் சர்வதேச விதிகள் உள. அதன் மின்கலம் 8 மணிநேரம் உழைத்தல் வேண்டும். ஆபத்துக்கென்றே வைத்த கலத்தின்மீது, பயன்படுத்தப்படவில்லை என்பதைக் காட்டும் முத்திரை இருத்தல் வேண்டும். முத்திரை உடைந்தால் அக்கலம் மாற்றப்படும். இவ்விதியின் உட்பொருள் யாது? அன்றாடத் தேவைக்கு ஒரு கலம், ஆபத்திற்கு வேறொரு கலம் என்பதே. நம் வேளாளர் இதனை நன்கறிவர். பசி வந்தாலும் விதைநெல்லைக் குற்றார்.

சிறுபடகுகளுள் இயந்திரத்தைக் கயிறிழுத்து இயக்குவன பல. அத்தகைய படகில் வேறு மின்கலம் இல்லாதிருத்தலும் உண்டு. அங்கே கையிற் கொண்டுசென்றதே முழுச் செல்வம். ஆதலின், முழுதும் ஏற்றிய சிறிய பவர் பாங்க் ஒன்றை, அதற்குரிய வடத்தோடு நீர்புகாப் பையிலிட்டு, வாயை இறுகக் கட்டி, நிழலில் வைத்தல் வேண்டும். கட்டு அவிழ்ந்திருந்தால் விதைநெல் உண்ணப்பட்டது என்று பொருள். மாதமொருமுறை கரையில் அவிழ்த்து, குறைந்ததை நிரப்பி, மீண்டும் கட்டுக.

அம்மாணவன் இக்கணக்கைத் தன் கட்டுரைக் கொப்பியில் எழுதிச்சென்று தந்தையார்க்கு வாசித்துக் காட்டினான். சில நாட்களின் பின் அவர் பாடசாலைக்கு வந்தார். "மகன் தந்த பையை நான் இன்னும் அவிழ்க்கவில்லை, மாஸ்டர்" என்று மட்டும் கூறிச் சென்றார். எமது ஆசிரிய வாழ்விற் கேட்ட பாராட்டுகளுள் இதனினும் இனியது வேறில்லை.

பழைய மாணவரே, உங்களுட் பொறியியலாளர் பலர், வணிகர் பலர், உலகின் பல திசைகளிலும் வாழ்வோர் பலர். ஊருக்கு வருங்கால் கரையோர வகுப்பொன்றில் ஒருமணி நேரம் இருந்து இக்கணக்கைக் கற்பியுங்கள். மாணவரே, நும் வீட்டிலிருந்து கடலுக்குச் செல்வார் உளரேல் இன்றிரவே அவரிடம் கேளுங்கள்: கட்டிய பை படகில் இருக்கின்றதா? இவ்விழா நாளில் யாம் வேண்டுவது இவ்வளவே. கலம் சென்றோர் யாவரும் கரை சேர்க.