காது கேட்கவில்லையா? உதவி பெறும் வழி இதோ!

காது கேளாமை கண்ணுக்குத் தெரியாத குறை. கை ஒடிந்தவரைக் கண்டால் அனைவரும் இரங்குவர். காது மந்தமானவரையோ, கூப்பிட்டாலும் திரும்பாதவர் என்று குறை கூறுவர். பிள்ளையாக இருந்தால் அடங்காப் பிள்ளை என்று அடியும் விழும். "வயதானால் அப்படித்தான்" என்று எண்ணிப் பல்லாண்டுகளை வீணாக்குவோரும் உளர்.

இக்குறையுடையோருக்கு அரசாங்கம் பல உதவிகளை ஏற்படுத்தியுள்ளது. அவற்றைப் பெறுவதற்கு முதற்படி ஒன்றே. அதுவே முறையான செவிச் சோதனையும், அதன் முடிவைக் காட்டும் மருத்துவ அறிக்கையும் ஆகும்.

1. அறிகுறிகள்

ஆறு மாதக் குழந்தை ஓசை வரும் திசை நோக்கித் திரும்ப வேண்டும். இரண்டு வயதில் இரு சொற்களைச் சேர்த்துப் பேச வேண்டும். அவ்வாறு இல்லையெனில், "மெல்லப் பேசும்" என்று காத்திருத்தல் தவறு.

பெரியோருக்குக் காதில் ஓயாத இரைச்சல், கூட்டத்தில் பேச்சு விளங்காமை, வானொலியை உரக்க வைத்தல் ஆகியன அடையாளங்கள். காதில் சீழ் வடிந்தால் எண்ணெய் ஊற்றுவதும் கோழி இறகால் குடைவதும் தீங்கு தரும். திடீரென ஒரு காது கேட்காமற்போனால் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். நாள் கடந்தால் கேள்வித்திறன் மீளும் வாய்ப்புக் குறையும்.

2. சோதனை செய்துகொள்ளும் இடம்

முதலில் அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார மருந்தகத்திற்குச் செல்க. குடிமக்களுக்கு அங்கே கட்டணம் 1 வெள்ளி. காதில் அடைபட்ட அழுக்கோ சீழோ காரணமாயின், பெரும்பாலும் சிகிச்சையால் குணமாகும். தேவைப்பட்டால், காது மூக்குத் தொண்டைப் பிரிவுள்ள அரசாங்க மருத்துவமனைக்கு மருத்துவர் கடிதம் தருவார். எவ்வளவு கேட்கிறது என்று கருவியால் அளந்து, முடிவை அங்கே வரைபடமாகத் தருவர். அதன் நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்க.

3. சமூக நல இலாகாவில் பதிவு

மருத்துவ அதிகாரி உறுதிப்படுத்திய விண்ணப்பத் தாள், அடையாளக் கார்டின் நகல், புகைப்படம் ஆகியவற்றுடன் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பதிந்துகொள்ளலாம். கட்டணம் இல்லை. இப்பதிவால் கிடைக்கும் மாற்றுத் திறனாளி அட்டை வெட்கப்படத்தக்கதன்று. அது உரிமைச் சீட்டு. வசதி குறைந்தோர் செவிக்கருவி வாங்குவதற்கு இந்த இலாகாவில் உதவிக்கு விண்ணப்பிக்கலாம். விவரம் அறிய 15999 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் அழைக்கலாம். அழைப்பவர் காது கேளாதவரின் உறவினராகவும் இருக்கலாம்.

4. வேலையால் நேரும் கேடு

ரப்பர் ஆலையின் உருளை இயந்திரங்களுக்கு அருகில் நிற்போர், புல்வெட்டும் இயந்திரத்தைச் சுமப்போர், இயந்திர வாளால் மரம் அறுப்போர் ஆகியோர் குறிப்பாகக் கவனிக்க. கையெட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச நேர்ந்தால், அவ்விடத்து இரைச்சல் காதைக் கெடுக்கவல்லது. இவ்வாறு கெட்ட செவி மருந்தால் மீளாது.

2019ஆம் ஆண்டின் இரைச்சல் விதிகளின்படி, எட்டு மணி நேர வேலைக்கு எல்லை 85 டெசிபல். அதற்கு மேற்படின் முதலாளி காதுக்காப்புத் தந்து, தொழிலாளருக்குச் செவிச் சோதனையும் நடத்த வேண்டும். அதற்காகத் தொழிலாளரிடம் பணம் பிடித்தல் கூடாது என்பது 1994ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம்.

இரைச்சலால் நேரும் செவிக்குறையைச் சொக்சோ சட்டம் தொழில்சார் நோயாக ஏற்கிறது. விண்ணப்பித்தால், இழப்பின் அளவை மருத்துவ வாரியம் முடிவு செய்யும். எந்த ஆலையில், எந்த இயந்திரத்தில், எத்தனை ஆண்டு வேலை செய்தோம் என்பதைக் குறித்து வையுங்கள். வேலையை விட்டு நிற்கும் வரை காத்திராமல், ஐயம் எழுந்தவுடனே சோதித்துக்கொள்ளுங்கள். தொழிற்சங்கப் பிரதிநிதியின் துணையையும் நாடலாம்.

5. பிள்ளைகளின் கல்வி

காது கேளாப் பிள்ளை அறிவற்ற பிள்ளையன்று. பினாங்கில் 1954ஆம் ஆண்டில் தொடங்கிய காது கேளாதோர் பள்ளியைப் போன்று, இன்று கல்வி அமைச்சின் சிறப்புக் கல்விப் பள்ளிகள் பல இயங்குகின்றன. மலேசியச் சைகை மொழியை 2008ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் சட்டம் காது கேளாதோரின் அதிகாரபூர்வ மொழியாக ஏற்றுள்ளது. பிள்ளையுடன் பெற்றோரும் அதனைக் கற்றால் வீட்டில் உரையாடல் மலரும். மலேசியக் காது கேளாதோர் கூட்டமைப்பிடம் சைகை மொழி பற்றிய விவரம் கேட்கலாம்.

நினைவிற் கொள்க

ஐயம் எழுந்தால் மருந்தகம். அறிக்கை கிடைத்தால் சமூக நல இலாகா. வேலையால் நேர்ந்ததாயின் சொக்சோ. பள்ளி வயதுப் பிள்ளையாயின் சிறப்புக் கல்வி. எழுதப் படிக்கத் தெரியாத அண்டை வீட்டாருக்கு இவ்வழியை எடுத்துரைத்து, முதல் நாள் உடன் செல்வதும் நம் கடமையாகும்.