மாதிரித் தேர்வில் தவறியது கணக்கா, மொழியா?

துறைமுகம், உப்பளம், மீன் ஏற்றுமதி, தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியின் தலைமையகம் என எல்லாம் இருக்கும் தூத்துக்குடியில் கணக்கு தெரிந்தவருக்கு வேலை உண்டு. ஆனாலும் தமிழ்வழி வணிகவியல் மாணவர்கள் சி.ஏ. என்றாலே தயங்குகிறார்கள். அதன் முதல்படியான பவுண்டேஷன் தேர்வை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத வேண்டும்.

மேல்நிலை வகுப்பில் கணக்குப்பதிவியல் கற்பிக்கும் நான், இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் இணையத்தில் இலவசமாக வெளியிடும் மாதிரித் தாள்களைப் பயன்படுத்துகிறேன். மதிப்பெண் போடுவதோடு விடுவதில்லை. தவறவிட்ட வினாவை மறுநாள் தமிழில் சொல்லி மீண்டும் செய்யச் சொல்கிறேன். சரியாக வந்தால் குறை மொழியில்தான். 'டிரையல் பேலன்ஸ்' என்பது தனக்குத் தெரிந்த இருப்பாய்வுதான் என்று அறியாத மாணவிக்கு அந்தப் பாடத்தையே மறுபடி நடத்துவது வீண். சொல்லைப் பழக்கினால் போதும். தமிழிலும் தவறினால் பாடத்துக்குத் திரும்புகிறேன்.

நான்கு தாளிலும் தலா 40 எடுத்தால் தேர்ச்சி என்று பலர் நினைக்கிறார்கள். மொத்தத்தில் 400க்கு 200 வேண்டும். கடைசி இரண்டு தாள்கள் கொள்குறி வினாக்கள். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் குறையும். நான்கில் இரண்டு விடைகளை உறுதியாக நீக்க முடிந்தால் துணிந்து குறிக்கலாம். வினாவுக்குச் சராசரியாக 0.375 மதிப்பெண் கிடைக்கும். இதை நிகழ்தகவு நடத்தும் கணித ஆசிரியரைக் கொண்டே விளக்கச் சொல்கிறேன்; அவர் சொன்னால்தான் பிள்ளைகள் நம்புகிறார்கள்.