பழைய ரிக்கார்டு பிளேயரைக் காரில் கொண்டு போகும் முன்



ரிக்கார்டு பிளேயருக்கும் நம்ம குழுவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீங்க. கேசட் வருவதற்கு முன்பு கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை எதுவானாலும் மைக்செட்காரர் இசைத்தட்டுப் பெட்டியோடு வந்து இறங்குவார். அப்படிப்பட்ட குடும்பத்துப் பெண்களும் நம் குழுக்களில் இருக்கிறார்கள். குழாய் ரேடியோ எல்லாம் எடைக்குப் போயாச்சு. பெட்டி மட்டும் பரண் மேல் கிடக்கு. பழைய பொருள் சேர்ப்பவர்கள் இப்போது அதைத் தேடி வாங்குகிறார்கள். ஓடுகிற பெட்டிக்கு ஒரு விலை, ஓடாத பெட்டிக்கு வேறு விலை. வீட்டில் ஓடியது போகிற வழியில் கெட்டுப்போனால் நஷ்டம் யாருக்கு?

ஒரு உறுப்பினர், கணவர் விட்டுச்சென்ற பெட்டியை மூன்று கம்பளியில் சுற்றி வாடகைக் காரில் கொண்டு போனார். வெளியே ஒரு கீறல் கிடையாது. திறந்து பார்த்தால், முள் மாட்டியிருக்கும் கை அதன் தாங்கியிலிருந்து நழுவி, வழியெல்லாம் தட்டில் அடித்து அடித்து முள் முறிந்து கிடந்தது. பேசிய விலையில் பாதிதான் கையில் கிடைத்தது. கம்பளி போதாமல் இல்லை. உள்ளே ஆடுவதை யாரும் நிறுத்தவில்லை, அவ்வளவுதான்.

அதனால் முதல் வேலை பெட்டிக்குள்ளே. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, எந்தப் பாகம் எங்கே இருக்கிறது என்று செல்போனில் நாலு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். முள்ளுக்கு மூடி இருந்தால் மூடுங்கள். கையை அதன் தாங்கியில் வைத்து, பழைய பருத்திச் சேலைக் கிழிசலால் மெதுவாகக் கட்டுங்கள். இறுக்கிக் கட்டினால் கை வளையும். கம்பியோ ரப்பர் பேண்டோ வேண்டாம். கையின் பின்பக்கம் கழற்றக்கூடிய எடைக்கட்டி இருந்தால் அதைக் கழற்றித் துணியில் முடிந்து தனியாக வையுங்கள்.

சுற்றுகிற தட்டு கனமானது. தானாக மேலே வந்தால் எடுத்துவிடலாம். சிலவற்றில் நடுவில் சின்ன கிளிப் போட்டிருப்பார்கள். அதைப் பார்க்காமல் நெம்பினால் அச்சு போயிடும். வேகம் மாற்றும் திருகை ‘ஆஃப்’ நிலையில் வையுங்கள். 33, 45, 78 என்று ஏதாவது ஒன்றில் விட்டுவைத்தால், பல மாடல்களில் உள்ளே இருக்கும் ரப்பர் சக்கரம் அழுந்திப் பள்ளமாகிவிடும். அப்புறம் பாட்டு ‘டக் டக்’ என்று இடிக்கும். மேல் தகடு ஸ்பிரிங் மேல் மிதக்கிற மாதிரி இருந்தால், பயணத்துக்கென்றே ஸ்குரூ இருக்கிறதா என்று பாருங்கள். எந்தப் பக்கம் திருப்பினால் தகடு அசையாமல் நிற்கிறதோ அந்த நிலையில் விடுங்கள். பேட்டரி போடும் வகை என்றால் பேட்டரியை எடுத்துவிடுங்கள்.

கைப்பிடி சுற்றி ஓட்டும் கிராமபோன் வீட்டில் இருந்தால், அதைச் சுற்றி முடியவிட்டு, ஸ்பிரிங் தளர்ந்த பிறகுதான் தூக்க வேண்டும். குழாய், கைப்பிடி, முள் குத்தும் வட்டப்பெட்டி மூன்றையும் கழற்றித் தனித்தனியாகச் சுற்றுங்கள்.

சட்டி பானைக்கு வைக்கோல் வைத்துப் பழகியவர்கள் நாம். இதற்கு வைக்கோல் ஆகாது, தூசி மோட்டாருக்குள் இறங்கிவிடும். சுத்தமான பழைய போர்வையும், உறை போட்ட தலையணையும் போதும்.

இனி கார். பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்தவர்களுக்கு வேகத்தடை என்றால் என்ன என்று தெரியும். டிக்கியும் அப்படித்தான் தூக்கிப் போடும். முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் நடுவில், கீழே தலையணை போட்டு, மட்டமாக வைப்பது நல்லது. இடம் போதாவிட்டால் பின்சீட்டில் வைக்கலாம். சீட் பின்பக்கம் சரிந்திருப்பதால் துண்டை மடித்து அடியில் கொடுத்து மட்டமாக்கி, சீட் பெல்ட் போட்டுவிடுங்கள். மடியில் வைத்துக்கொள்கிறேன் என்று யாராவது சொல்வார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். திடீர் பிரேக்கில் அந்தக் கனத்தை யாராலும் பிடிக்க முடியாது. பெட்டி போனால் போகட்டும், முன்னால் இருக்கும் பிள்ளையின் தலை என்ன ஆகும்?

இசைத்தட்டுகளைப் பெட்டியோடு சேர்த்துக் கட்டாதீர்கள். அட்டைப்பெட்டியில் புத்தகம் மாதிரி நிமிர்த்தி, இடைவெளி இல்லாமல் அடுக்குங்கள். பழைய 78 சுற்றுத் தட்டு அரக்கு கலந்து செய்தது, ஓடு மாதிரி உடையும். பின்னால் வந்த எல்.பி. தட்டு லேசில் உடையாது, ஆனால் வெயிலில் வளையும். நடுப்பகலில் கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சாப்பிடப் போனால், திரும்பி வரும்போது அப்பளம் மாதிரி நெளிந்திருக்கலாம். விடியற்காலையிலே கிளம்புங்கள்.

பணப் பேச்சையும் கிளம்பும் முன்பே முடித்துவிட வேண்டும். வீட்டில் ஒரு பாட்டு ஓடுவதைச் செல்போனில் வீடியோ எடுத்து வாங்குபவருக்கு அனுப்புங்கள். கார் வாடகை யார் பொறுப்பு, வழியில் பழுதானால் யார் பொறுப்பு என்பதை மெசேஜில் எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு அங்கே போனதும் மாறும். வாடகைக்குக் குழுவில் உள்கடன் எடுத்தால் தீர்மான நோட்டில் எழுதிவிடுங்கள். தனியாகப் போகாமல், கணக்குப் பார்க்கத் தெரிந்த ஒரு உறுப்பினரையும் அழைத்துப் போங்கள்.

போய்ச் சேர்ந்ததும் அவசரப்பட்டு பிளக் மாட்ட வேண்டாம். ஏசி காரில் வந்திருந்தால் உள்ளே ஈரம் பூத்திருக்கும், ஒரு மணி நேரமாவது ஆறவிடுங்கள். பழைய வயரின் உறை வெடித்திருந்தால் எலெக்ட்ரீஷியன் பார்க்காமல் தொடக்கூடாது. கழற்றியதையெல்லாம் போட்டோவைப் பார்த்து மாட்டி, கையின் கட்டை அவிழ்த்து, வாங்குபவர் முன்னாலேயே ஒரு தட்டு முழுசாக ஓடட்டும். பணத்தை எண்ணி வாங்கிய பிறகு பெட்டியை அவர் கையில் கொடுங்கள்.