பழைய நீர் இறைக்கும் இயந்திரம்: நாமே திருத்தலாமா?



ஊரை விட்டு ஓடும்போது பிள்ளைகளைத் தூக்கலாம், நீர்ப்பம்பைத் தூக்க முடியாது. 2006 இன் இறுதியிலும் 2007 இன் தொடக்கத்திலும் வாகரைப் பகுதியிலிருந்து இடம்பெயர்ந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். திரும்பி வந்தவர்களும், ஓட்டமாவடி, வாழைச்சேனைப் பக்கத்தில் குத்தகைக் காணியில் தோட்டம் செய்பவர்களும் பெரும்பாலும் பழைய இயந்திரத்தையே நம்பியிருக்கிறார்கள். அது நின்றுவிட்டால் நாமே திருத்துவதா, கராஜுக்குக் கொண்டுபோவதா, விட்டுவிடுவதா? இந்தப் பாடம் அதைப் பற்றியது.

கோபுரம் கட்டப் போகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்பதை லூக்கா 14ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். இயந்திரத்துக்கும் அதுவே பொருந்தும். ஸ்பனரை எடுக்க முன் பழுது எங்கே என்று பாருங்கள்.

1. பழுது எங்கே?

இயந்திரம் ஓடுகிறது, தண்ணீர் மட்டும் வரவில்லை என்றால், பெரும்பாலும் இயந்திரத்தில் குற்றமில்லை. உறிஞ்சும் குழாயில் வெடிப்பு, தளர்ந்த கிளிப், அடியிலுள்ள புட்வால்வில் சிக்கிய குப்பை ஆகியவற்றைப் பாருங்கள். பம்பிலிருந்து நீர்மட்டம் 20 அடிக்குக் கீழே போனால் நல்ல பம்ப்கூடத் திணறும்.

இயந்திரமே இயங்கவில்லை என்றால், சுவிட்சை நிறுத்திவிட்டுக் கயிற்றை மெதுவாக இழுங்கள். ஓரிடத்தில் கை இறுகினால் உள்ளே அமுக்கம் இருக்கிறது. எங்கும் இறுகாமல் வந்தால் வால்வு அல்லது பிஸ்டன் வளையம் பழுதாகியிருக்கலாம்.

2. நாமே செய்யக்கூடியவை

அமுக்கம் இருந்தால் துணிந்து தொடங்கலாம். பிளக்கைக் கழற்றிக் கரியைத் துடையுங்கள். காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்யுங்கள். தாங்கியில் நெடுநாள் கிடந்த எண்ணெயை வடித்துப் புதிதாக ஊற்றுங்கள். காபரேட்டரின் அடிக் கிண்ணத்தில் படிந்த பிசினைக் கழுவுங்கள். எஞ்சின் ஒயில் கறுத்திருந்தால் மாற்றுங்கள். கழற்றும் துண்டுகளைக் கழற்றிய ஒழுங்கிலேயே ஒரு துணியில் வரிசையாக வையுங்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய இயந்திரத்தை உடனே இயக்கிப் பார்க்கக் கூடாது. பிளக்கைக் கழற்றி, கயிற்றை மெதுவாக இழுத்து உள்ளே போன நீரை வெளியேற்றி, ஒயிலை மாற்றிய பின்பே இயக்க வேண்டும்.

3. கராஜுக்கு உரியவை

அமுக்கம் இல்லாமை, நீலப் புகை, உள்ளே இரும்பு தட்டும் சத்தம் ஆகியவற்றுக்கு அளவுக் கருவியும் பழகிய கையும் வேண்டும். வீட்டில் திறந்தால் 1 பழுது 3 ஆகலாம். கராஜில் முதலில் மொத்தச் செலவைக் கேளுங்கள். கழற்றிய பழைய உதிரிப்பாகங்களையும் திருப்பிக் கேளுங்கள்.

4. விட்டுவிட வேண்டிய நேரம்

உதிரிப்பாகம், கூலி, வேலை நின்ற நாட்களின் நட்டம் மூன்றையும் கூட்டுங்கள். நல்ல நிலையிலுள்ள பழைய பம்ப் ஒன்றின் விலையில் பாதியை இது தாண்டினால் ஒரு முறைக்கு இரு முறை யோசியுங்கள். கச்சான் காற்று வீசும் நாட்களில் மிளகாய்க் கன்று கராஜ்காரரின் தவணைக்குக் காத்திராது. அப்போது அயலவரின் பம்பை வாடகைக்கு எடுத்துப் பயிரைக் காப்பாற்றிவிட்டு, அறுவடைக்குப் பின் முடிவெடுப்பது மேல்.

எண்ணெய்ச் செலவையும் மறக்காதீர்கள். 2022 ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. எண்ணெய் மலிவாக இருந்த காலத்தில் பொறுத்துக்கொண்ட தேய்ந்த இயந்திரம் இன்று வருமானத்தைத் தின்னும். 1 லீற்றர் ஊற்றி எத்தனை நிமிடம் ஓடுகிறது என்று பாருங்கள். அதே வகையான அயலவரின் இயந்திரத்தோடு ஒப்பிட்டால் உண்மை தெரிந்துவிடும்.

5. உயிர் ஆபத்து

நீர்மட்டம் இறங்கும்போது சிலர் பம்பையே கிணற்றுக்குள் இறக்கி ஓட்டுகிறார்கள். இதை ஒருபோதும் செய்யாதீர்கள். புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இறங்கியவர் மயங்கி விழுவார். காப்பாற்ற இறங்குபவரும் விழுவார். சூடான இயந்திரத்தில் எண்ணெய் ஊற்றுவதும் கூடாது. ஆறிய பின்பே ஊற்றுங்கள்.

குழுவில் கலந்துரையாட

1. நமது கிராமத்தில் நின்றுபோன பம்ப்கள் எத்தனை? அவற்றில் எத்தனைக்கு அமுக்கம் இருக்கிறது?
2. பிளக் ஸ்பனர், திருகாணி முடுக்கி, குறடு அடங்கிய ஒரு கருவிப் பெட்டியைப் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து வாங்க முடியுமா? அதை யார் பொறுப்பில் வைக்கலாம்?
3. இயந்திர வேலை பழக விரும்பும் இளைஞர், யுவதிகள் யார்? அவர்களை எந்தக் கராஜில் சேர்த்துவிடலாம்?

திருத்தத் தெரிவது ஒரு திறமை. எதைத் திருத்தக் கூடாது என்று தெரிவதும் திறமைதான். இரண்டும் நமது பிள்ளைகளுக்கு வேண்டும்.